போக்குவரத்துப் புகையைக் குறைக்க அரசு எதை முதலில் செய்ய வேண்டும்? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான் இருக்கும். அதை எரித்தால் வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 2.3 கிலோ. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். பெட்ரோலில் உள்ள கார்பன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது; அதனால் எடை கூடிவிடுகிறது. டீசல் என்றால் லிட்டருக்கு 2.7 கிலோ.

இதை உலக அளவில் கூட்டிப் பார்த்தால், 2019இல் போக்குவரத்து நேரடியாக வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்கள் 870 கோடி டன் என்று காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழு கணக்கிட்டிருக்கிறது. அதில் 70 சதவீதம் சாலை வாகனங்களிலிருந்து வந்தது. ரயிலின் பங்கு வெறும் 1 சதவீதம். மீதியில் பெரும்பகுதி விமானமும் கப்பலும்.

உள்ளாட்சி உறுப்பினர்கள், போக்குவரத்து அதிகாரிகள், திட்டமிடல் படிக்கும் மாணவர்கள், ஊருக்காக மனு கொடுக்கும் குடிமக்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்லா அரசுகளின் கையிலும் ஏறக்குறைய ஒரே கருவிகள்தான் இருக்கின்றன: பேருந்து, வரி, சாலை, சட்டம். ஒரே கருவி ஓர் ஊரில் பலித்து இன்னோர் ஊரில் பாழானதற்குக் காரணம் பெரும்பாலும் வரிசைதான். எதை முதலில் செய்தார்கள், எதை அப்புறம் செய்தார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைந்தது. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் படியுங்கள்.

படி 1: முதலில் கணக்கெடுங்கள்

உமிழ்வு என்பது நான்கு எண்களின் பெருக்கல். மக்களும் சரக்கும் மொத்தம் எவ்வளவு தூரம் பயணிக்கிறார்கள். அதில் நடை, சைக்கிள், பேருந்து, ரயில், கார் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு. ஒரு கிலோமீட்டருக்கு ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது. அந்த எரிபொருளில் எவ்வளவு கார்பன் இருக்கிறது. இந்த நான்கில் எதைக் குறைத்தாலும் மொத்தம் குறையும்.

ஒரே ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். வீட்டிலிருந்து 12 கி.மீ. தள்ளி வேலை. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் காரில் தனியாகப் போகிறார். போக வர 24 கி.மீ., அதாவது 1.6 லிட்டர். ஒரு நாளைக்கு 3.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருடத்தில் 250 வேலை நாள் என்றால் 920 கிலோ. வேலையிடம் பாதித் தூரத்தில் இருந்தால் இது பாதியாகும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே காரில் ஏறிக்கொண்டால் தலைக்குப் பாதியாகும். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் டீசல் பேருந்தில் 40 பேரோடு போனால், ஒரு கி.மீ.க்கு அவர் பங்கு 17 கிராம். காரில் அது 150 கிராமுக்கு மேல். ஆனால் அதே பேருந்தில் ஐந்தே பேர் இருந்தால் தலைக்கு 135 கிராம். காலிப் பேருந்து காரைவிடப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. பேருந்து வாங்கினோம் என்று கணக்குக் காட்டுவதில் அர்த்தமில்லை, அது நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கை இரண்டு வழியில் போட்டு ஒப்பிடுங்கள். ஒன்று, உங்கள் பகுதியில் விற்ற எரிபொருளின் அளவு. இன்னொன்று, வீடு வீடாக எடுக்கும் பயணக் கணக்கெடுப்பு. இரண்டும் ஒத்துவராத இடத்தில்தான் சரக்கு லாரிகளும் வெளியூர் வண்டிகளும் ஒளிந்திருக்கும்.

கணக்கெடுப்பில் வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்பது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, அம்மாவைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பயணம் நான்கு துண்டு. கேள்வித்தாளில் அது ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அப்புறம் பேருந்துகள் எல்லாம் காலையில் மையத்துக்கும் மாலையில் வெளியேயும் ஓடும்படி திட்டம் போடப்படும், அந்தப் பெண்ணுக்கு எதுவும் இருக்காது.

படி 2: பொறுப்பை ஓரிடத்தில் வையுங்கள், பணத்துக்கு வழி பாருங்கள்

சாலை ஒரு துறை, பேருந்து இன்னொரு துறை, ரயில் வேறொரு அரசு, வீட்டுமனை அனுமதி நான்காவது அலுவலகம். இப்படி இருந்தால் எந்தத் திட்டமும் கோப்பிலேயே கிடக்கும். லண்டனில் 2000ஆம் ஆண்டில் பேருந்து, முக்கியச் சாலைகள், வாடகை வண்டி உரிமம் எல்லாவற்றையும் ஒரே அமைப்பின்கீழ் கொண்டுவந்தார்கள். சுரங்க ரயிலும் 2003இல் அதில் சேர்ந்தது. நெரிசல் கட்டணம் (நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் வாங்கும் கட்டணம்) போன்ற கடினமான முடிவை அவர்களால் எடுக்க முடிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

பயணச்சீட்டு வருமானத்தை மட்டும் நம்பி நல்ல சேவை நடத்த முடியாது. பாரிஸ் பகுதியில் 1971 முதல் நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலுக்கு ஏற்ப ஒரு போக்குவரத்து வரி கட்டுகின்றன. ஹாங்காங்கில் ரயில் நிறுவனம் நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடம் எழுப்பி, அந்த வருமானத்தைப் பாதைக்குப் பயன்படுத்துகிறது. வருடா வருடம் நிச்சயமாக வரும் பணம் வேண்டும். ஒருமுறை கிடைக்கும் மானியத்தில் பேருந்து வாங்கலாம். பத்து வருடம் ஓட்ட முடியாது.

படி 3: பயணத் தூரத்தைக் குறைக்கும் நிலச் சட்டம்

வீடு ஓரிடம், பள்ளி வேறிடம், வேலை முப்பது கிலோமீட்டர் தள்ளி என்று ஊரைப் பரப்பிவிட்டால், பின்னால் எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும் அந்தத் தூரத்தை ஓட்டித்தான் ஆக வேண்டும். முழுமைத் திட்டம் தயாரிக்கும்போதே ரயில், பேருந்து நிலையங்களைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் அதிக வீடுகளையும் அலுவலகங்களையும் அனுமதியுங்கள். குறைந்த வருமானக்காரர்களின் குடியிருப்பை நிலம் மலிவு என்று ஊர்க்கோடியில் கட்டாதீர்கள். அங்கே மிச்சமாகும் பணத்தை அவர்கள் தினமும் பயணத்தில் கொடுக்கிறார்கள்.

அடுத்து பார்க்கிங் விதி. பல ஊர்களின் கட்டட விதிகள், இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்கின்றன. கார் இல்லாதவரும் வாடகையிலோ கடைப் பொருளின் விலையிலோ அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கிறார். மெக்சிகோ நகரம் 2017இல் இந்த விதியைத் தலைகீழாக்கியது. குறைந்தபட்சம் இத்தனை இருக்க வேண்டும் என்பது போய், அதிகபட்சம் இவ்வளவுதான் என்று வந்தது. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகரங்களில் கார் வாங்குபவர் அதை நிறுத்தச் சொந்த இடமோ வாடகை இடமோ இருக்கிறது என்று காட்ட வேண்டும். சாலையோரம் அரசு தரும் இலவச வாகனக் கொட்டகை அல்ல என்பதை அந்தச் சட்டம் அறுபது வருடமாகச் சொல்லிவருகிறது.

மூன்றாவது, சாலை அகலப்படுத்தல். நெரிசல் குறையும், அதனால் புகையும் குறையும் என்று சொல்லித்தான் இதற்கு நிதி கேட்பார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலை 2008இல் விரிவாக்கப்பட்டபோது, சில இடங்களில் பக்கச் சாலைகளோடு சேர்த்து 20 தடங்களுக்கு மேல் வந்தது. சில வருடங்களில் உச்ச நேரப் பயணம் மறுபடியும் மெதுவானது. இடம் கிடைத்ததும் புதுப் பயணங்கள் முளைத்தன; தூரத்தில் வீடு வாங்கியவர்களும் கூடினார்கள். இதற்கு நேர் எதிரானது சியோலில் நடந்தது. தினமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் போய்வந்த சோங்கேசோன் மேம்பாலச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, கீழே புதைந்திருந்த ஓடையை 2005இல் மீட்டார்கள். ஊர் ஸ்தம்பிக்கும் என்று பயந்தது நடக்கவில்லை. ஏனென்றால் இடைப்பட்ட 2004இல் அவர்கள் பேருந்துச் சேவையையே புரட்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த படி அதைப் பற்றித்தான்.

படி 4: பேருந்தை நம்பத் தகுந்ததாக்குங்கள்

என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. மெட்ரோ வர பத்து வருடம் ஆகும். பேருந்தை ஒரே வருடத்தில் மாற்ற முடியும்.

இடைவெளியிலிருந்து தொடங்குங்கள். அரை மணிக்கு ஒரு பேருந்து என்றால், நேரம் பார்க்காமல் வருபவர் சராசரியாக 15 நிமிடம் காத்திருக்கிறார். வழியில் இன்னொரு பேருந்துக்கு மாற வேண்டுமானால் 30 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் இதே பயணத்தில் காத்திருப்பு 10 நிமிடம்தான். அந்த 20 நிமிட வித்தியாசத்தில்தான் ஒருவர் கடன் வாங்கியாவது வண்டி வாங்குவதா, வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, அடிக்கடி ஓட்டப் பேருந்துக்கு எங்கே போவது? சாலையில் பேருந்துக்கென்று தனித் தடம் போடுங்கள். 18 கி.மீ. நீளமான ஒரு வழித்தடம் இருக்கிறது என்று வையுங்கள். போக வர 36 கி.மீ. நெரிசலில் மணிக்கு 12 கி.மீ. வேகம் என்றால் ஒரு சுற்றுக்கு 3 மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒன்று விட 18 பேருந்துகள் தேவை. தனித் தடத்தில் வேகம் மணிக்கு 18 கி.மீ. ஆகிவிட்டால் சுற்று 2 மணி நேரத்தில் முடியும். 12 பேருந்துகளே போதும். மிச்சமான ஆறையும் அதே தடத்தில் விட்டால் ஏழு நிமிடத்துக்குள் ஒன்று வரும். ஒரு புதுப் பேருந்தும் வாங்கவில்லை, ஒரு ஓட்டுநரும் கூடுதலாக இல்லை. கோடு போட்ட பெயிண்ட்டும், அந்தக் கோட்டைக் காக்கும் கேமராவும்தான் செலவு.

பிரேசிலின் குரிச்சிபா 1974இல் பேருந்துக்கென்றே தனிச் சாலைகளைத் திறந்தது. அந்தச் சாலைகளின் ஓரத்தில்தான் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது. கொலம்பியாவின் பொகோட்டா 2000ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்ஸ்மிலேனியோ என்ற தனித்தடப் பேருந்துச் சேவையைத் தொடங்கி, ஏறும் முன்பே சீட்டு, நிலைய மேடைக்குச் சமமான பேருந்துத் தளம், பாதியில் நிற்காத விரைவுப் பேருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. டெல்லியில் 2008இல் திறந்த தடம் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவு. கார்கள் வரிசையில் நின்றன, எதிர்ப்புக் கிளம்பியது, 2016இல் பிடுங்கிப் போட்டார்கள். துண்டுத் தடத்தால் பேருந்துப் பயணிக்கு மொத்தப் பயணத்தில் சில நிமிடமே மிச்சம். கார்க்காரருக்கோ இழப்பு கண்ணெதிரே தெரியும். போடுவதானால் முழு வழித்தடத்துக்கும் போடுங்கள்.

ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். பயணி எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு என்றால், தனியார் பேருந்துகள் கூட்டமுள்ள நிறுத்தத்துக்காக ஒன்றையொன்று முந்தும், வருமானம் குறைந்த தடத்தைக் கைவிடும். சியோல் 2004இல் வசூலை எல்லாம் ஒரு தொகுப்பில் போட்டு, ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டை, தூரத்துக்கு ஒரே கட்டணம், மாறும்போது மறுபடி காசு இல்லை.

இலவசப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. எஸ்தோனியாவின் தாலின் தன் நகரவாசிகளுக்கு 2013இலும், லக்சம்பர்க் 2020இலும் இலவசமாக்கின. வருமானம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உதவி, அந்தக் காரணத்துக்காகவே செய்யலாம். ஆனால் கார் வைத்திருப்பவரைக் கட்டணம் மட்டும் தடுத்து நிறுத்தவில்லை. கையில் பணம் குறைவாக இருந்தால், முதலில் சேவையை அடிக்கடி ஆக்குங்கள்.

படி 5: நடை, சைக்கிள்

ஒவ்வொரு பேருந்துப் பயணமும் நடையில்தான் தொடங்குகிறது. நடைபாதை அறுபது மீட்டர் ஒழுங்காக இருந்து, அப்புறம் ஒரு மின்மாற்றிப் பெட்டியில் முட்டி நின்றால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த அறுபது மீட்டரும் வீண். சைக்கிள் பாதையும் அப்படித்தான். ஸ்பெயினின் செவிய்யா நகரம் 2006இல் தொடங்கி மிகக் குறுகிய காலத்தில் 80 கி.மீ. பாதுகாக்கப்பட்ட பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தே கட்டியது. அதற்கு முன் சைக்கிளே அரிதாக இருந்த ஊரில் சில ஆண்டுகளில் சைக்கிள் பயணங்கள் பல மடங்கு ஆயின. இருபது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் இது நடக்காது. பாதி வழியில் லாரிக்கு நடுவே விடும் பாதையில் யாரும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

படி 6: இப்போதுதான் விலை

எரிபொருள் வரி, நெரிசல் கட்டணம், பார்க்கிங் கட்டணம் எல்லாம் வலுவான கருவிகள். ஆனால் மாற்று வழி இல்லாதவர்மேல் அதைப் பயன்படுத்தினால் அது தண்டனையாகிவிடும்.

சிங்கப்பூர் 1975லேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தது. லண்டன் 2003 பிப்ரவரியில் தொடங்கியது. அன்றைக்கே ஏறக்குறைய 300 கூடுதல் பேருந்துகள் சாலையில் இருந்தன. ஸ்டாக்ஹோம் இன்னும் கவனமாக இருந்தது. 2005 ஆகஸ்டிலேயே கிட்டத்தட்ட 200 புதிய பேருந்துகளை இறக்கிவிட்டு, 2006 ஜனவரியில்தான் கட்டணத்தைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை ஜூலையில் முடிந்தது, செப்டம்பரில் பொதுவாக்கெடுப்பு. தொடக்கத்தில் பெரும்பாலானோர் எதிர்த்த ஒரு கட்டணத்துக்கு, அனுபவித்துப் பார்த்தபின் நகர வாக்காளர்களில் பாதிக்கு மேல் சரி என்றார்கள்.

பிரான்ஸ் 2018இல் எரிபொருள் வரியை உயர்த்தியபோது, ரயிலும் பேருந்தும் எட்டாத சிற்றூர்களிலும் புறநகர்களிலும் இருந்தவர்கள் மஞ்சள் மேலங்கியோடு சாலைக்கு வந்தார்கள். டிசம்பரில் அரசு உயர்வை நிறுத்திவைத்தது. அவர்கள் காலநிலைக்கு எதிரிகள் என்று சொல்வது நியாயமே இல்லை. வேலைக்குப் போக அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதனால் வரி அறிவிப்பும் அந்தப் பணம் எங்கே போகிறது என்ற அறிவிப்பும் ஒரே நாளில் வரட்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2008இல் கார்பன் வரி கொண்டுவந்தபோது, வருமான வரியைக் குறைத்தும் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தும் ஈடுகட்டியது. எரிபொருள் மானியத்தை நீக்கும் நாடுகளுக்கும் இதே முறைதான்: குடும்பங்களின் கையில் முதல் தவணை போய்ச் சேர்ந்தபின் விலையைத் தொடுங்கள்.

படி 7: வண்டியை மாற்றுங்கள்

பலர் இதைத்தான் முதல் படியாக நினைக்கிறார்கள். மின்வாகனம் மிகத் தேவைதான். பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைக்கூட சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை. மின்மோட்டார் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். ஆனால் இன்று விற்கும் பெட்ரோல் கார் இன்னும் பதினைந்து வருடம் ஓடும். விற்பனையை முழுக்க மாற்றினாலும் சாலையில் பலன் தெரிய அவ்வளவு காலம் ஆகும். மின்காரும் அதே நெரிசலில்தான் நிற்கும், அதே இடத்தைத்தான் அடைக்கும்.

தினமும் அதிக தூரம் ஓடும் வண்டிகளிலிருந்து தொடங்குங்கள்: பேருந்து, ஆட்டோ, வாடகைக் கார், விநியோக வண்டி. சீனாவின் ஷென்சென் 2017 முடிவதற்குள் தன் 16,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரமாக்கியது. பணிமனைக்கு மின்இணைப்பு, உயர்திறன் மின்மாற்றி, இரவு சார்ஜ் அட்டவணை ஆகியவை பேருந்து வருவதற்கு ஒரு வருடம் முன்பே தயாராக வேண்டும். சார்ஜ் வசதி இல்லாமல் வந்த பேருந்துகள் பணிமனையில் தூசி படிந்து நிற்பதைவிட வேதனையான காட்சி இல்லை.

தனியார் கார்களுக்கு வரியைச் சாய்த்து வையுங்கள். நார்வே 1990களிலேயே மின்கார்களுக்குப் பதிவு வரியை நீக்கி, 2001இல் மதிப்புக் கூட்டு வரியையும் நீக்கியது. பெட்ரோல் கார்களுக்குக் கனமான வரியை வைத்துக்கொண்டது. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது முழு மின்கார்கள். அவர்களின் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால் பலனும் முழுசாகக் கிடைக்கிறது. நிலக்கரி மின்சாரம் அதிகமுள்ள இடத்தில் பலன் குறையும், எனவே மின்துறையையும் அதே மேசைக்கு அழையுங்கள். எரிபொருள் சிக்கன விதிகளைச் சோதனைக்கூட எண்ணை மட்டும் நம்பி அமல்படுத்தாதீர்கள், சாலையில் ஓட்டிப் பாருங்கள். வண்டியின் எடைக்கும் வரி வையுங்கள். கார்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போனால் எஞ்சினில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

படி 8: சரக்கு

லாரிகளுக்கு ஓட்டு இல்லை என்பதாலோ என்னவோ, திட்ட அறிக்கைகளில் சரக்குக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். சுவிட்சர்லாந்து விதிவிலக்கு. ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் சரக்கை ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்று 1994இல் மக்களே வாக்களித்தார்கள். 2001 முதல் கனரக லாரிகள் எடை, தூரம், உமிழ்வு மூன்றையும் பொறுத்துக் கட்டணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் ஒரு பகுதி 57 கி.மீ. நீளமான கொட்டார்ட் அடிச்சுரங்க ரயில் பாதைக்குப் போனது. 2016இல் அது திறந்தது. இன்று அந்த மலைகளைக் கடக்கும் சரக்கில் ஏறக்குறைய 70 சதவீதம் ரயிலில் போகிறது. நகரத்துக்குள் கடைசிச் சில கிலோமீட்டருக்கு ஊர் எல்லையில் ஒரு பொதுக் கிடங்கும் சிறிய மின்வண்டிகளும் போதும்.

விமானத்திலும் கப்பலிலும் ஒரு நகர அரசு செய்யக்கூடியது குறைவு. நாட்டு அரசு, நல்ல ரயில் இருக்கும் குறுகிய வழித்தடங்களில் விமானத்தை நிறுத்தலாம். இரண்டரை மணி நேர ரயில் வசதி உள்ள சில தடங்களில் பிரான்ஸ் 2023இல் அதைச் செய்தது.

படி 9: சோதனையாகத் தொடங்கி, எண்களைச் சுவரில் ஒட்டுங்கள்

ஸ்டாக்ஹோமிடம் கற்க வேண்டியது இதுதான். ஏழு மாதச் சோதனை, முன்பே சொன்ன முடிவுத் தேதி, முன்னும் பின்னும் எடுத்த அளவீடு, கடைசியில் மக்களின் முடிவு.

எதை அளப்பது என்று ஐந்து எண்களை முதல் நாளே அறிவியுங்கள்: உங்கள் பகுதியில் விற்ற எரிபொருள், வாகனங்கள் ஓடிய மொத்தத் தூரம், பேருந்தின் சராசரி வேகம், பத்து நிமிடத்துக்கு ஒரு சேவை கிடைக்கும் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் வாழும் மக்களின் சதவீதம், குறைந்த வருமானக் குடும்பம் பயணத்துக்குச் செலவிடும் பங்கு. இந்தக் கடைசி எண் ஏறினால், மற்ற நான்கும் நன்றாக இருந்தாலும் திட்டத்தை நிறுத்தித் திருத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஐந்தையும் இணையத்தில் போடுங்கள். அப்படியே ஒவ்வொரு பேருந்து நிழற்குடையிலும் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். காத்திருப்பவர் அதைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து வந்துவிட வேண்டும்.